ஆளை அளக்கத் தெரிந்த பிள்ளை

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் தெருப்பிள்ளை என்றால், கொழும்பிலோ சென்னையிலோ பாலத்துக்கு அடியில் படுத்திருக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளக் கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் நிலம் பெரிது, சனம் குறைவு. நகரம் என்று சொல்லக்கூடியவை பெரும்பாலும் வீதியை ஒட்டிய கடைத்தெருக்கள்தான். பாலமும் நடைபாதையும் இல்லாத இடத்தில் தெரு என்பது முறிகண்டிக் கோயிலடி, மாங்குளம் சந்தி, பரந்தன் சந்தி, கிளிநொச்சி பஸ் நிலையம், புதுக்குடியிருப்புச் சந்தை என்று மனிதர்கள் வந்து நின்று போகும் சில இடங்கள்தான். பகல் அங்கே கழியும். இரவில் அம்மம்மா வீட்டு விறாந்தையோ, சின்னம்மா வீட்டுக் குசினி மூலையோ, கோயில் மடமோ கிடைக்கும்.

ஒருவருமே இல்லாத பிள்ளை இங்கே அபூர்வம். சொந்தம் என்று யாரோ ஒருவர் இருப்பார். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே நாலு வயிறு இருக்கும். அதனால் பெயருக்கு ஒரு வீடும் பிழைப்புக்குத் தெருவுமாக வாழ்கிற பிள்ளைகள்தான் அதிகம். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைக் குழு 2017இல் வெளியிட்ட 21ஆவது பொதுக் கருத்துரையும் இரவில் தெருவிலே தூங்குகிற பிள்ளையை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. தெருவோடு வாழ்க்கை பின்னிப்போன பிள்ளைகள் எல்லோரையும் அது சேர்த்துக்கொள்கிறது. வன்னிக்கு அந்தப் பார்வைதான் பொருந்தும்.

இப்படியான ஒரு பிள்ளையைப் பற்றி ஊர் சொல்வது உங்களுக்கும் தெரியும். “சரியான சுழியன், எங்க கொண்டுபோய் விட்டாலும் பிழைச்சிடுவான்” என்று ஒரு நாள் மெச்சுவார்கள். அடுத்த நாள் கடையில் ஒரு சாமான் காணாமல் போனால் முதலில் அவனைத்தான் சந்தேகிப்பார்கள். மெச்சுகிறவரும் சந்தேகிக்கிறவரும் பார்ப்பது ஒரே குணத்தை. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்றுதான் யாரும் கேட்பதில்லை. பெரியவர்கள் சொன்ன சொல் நிலைக்காத இடத்தில் வளர்ந்த பிள்ளை, ஒவ்வொரு மனிதரையும் புதிதாக அளந்து பார்த்துத்தான் பக்கத்தில் போகும். அதன் கெட்டித்தனம், பொய், அவசரம், உழைப்பு எல்லாமே இந்த அளவையிலிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம்.

இவ்வளவு பிள்ளைகள் இப்படி ஆனதற்கு வன்னியின் வரலாறுதான் காரணம். தமிழருக்கு எதிரான 1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள் இந்தக் காட்டு நிலத்தில் குடியேறினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது பெருந்தொகையான சனம் வன்னிக்கு வந்து சேர்ந்தது. 1996இல் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையை வாரிக்கொண்டு போனது. அங்கே கடற்கரையில் இருந்த செந்தளிர் சிறுவர் இல்லத்தின் பிள்ளைகள் பலர் அன்று இறந்தார்கள். ஏற்கெனவே ஒரு முறை அநாதையான பிள்ளைகள் அவர்கள். அப்புறம் போரின் கடைசி ஆண்டுகளான 2008, 2009. மன்னார்க் கரையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராக நகர்ந்த அந்த நடையில் எத்தனையோ பிள்ளைகள் பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் தாயையும், சாப்பாட்டுக்கு நின்ற இடத்தில் தகப்பனையும் இழந்தார்கள். மிஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனார்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அடைத்து வைத்திருந்த அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

முகாம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். தண்ணிக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, விறகுக்கு வரிசை. பெரிய குடும்பத்தில் ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் வேறு வேலை பார்ப்பார். தனிப் பிள்ளைக்கு அது முடியாது. எனவே அடுத்தவரின் தண்ணிக் கானையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்து, பதிலுக்கு ஒரு கோப்பை சோறு வாங்கப் பழகியது. தன்னிடம் காசு இல்லை, ஆள் பலம் இல்லை, ஆனால் நேரம் இருக்கிறது என்று கண்டுகொண்டது. இன்று அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். ஆனால் போருக்குப் பிறகு பிறந்து, வேறு காரணங்களால் ஆதரவிழந்த பிள்ளைகளும் இதே வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள். தாய் வெளிநாட்டில், தகப்பன் குடியில் அல்லது சிறையில், அல்லது இருவருமே வேறு கல்யாணம் கட்டிப் போய்விட்டார்கள். சட்டப்படி இவர்கள் அநாதைகள் அல்ல. ஆனால் வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

முறிகண்டியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இந்தப் பிள்ளைகளின் கெட்டித்தனம் தெரியும். ஏ9 வீதியால் போகிற பஸ், வான், லொறி எல்லாம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைக் கடப்பதில்லை. ஆட்கள் இறங்கிக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் அந்தச் சில நிமிடங்கள்தான் கச்சான், அதாவது வேர்க்கடலை, வியாபாரத்துக்கான நேரம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன் கையில் கச்சான் சரைகளோடு, அதாவது கடதாசிப் பொட்டலங்களோடு, நிற்பான். எல்லோரிடமும் ஓட மாட்டான். இறங்கியதும் பேர்ஸைத் திறந்து சில்லறை தேடுகிற அம்மாவை விட்டுவிடுவான், அந்தச் சில்லறை உண்டியலுக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற தகப்பனிடம், தகப்பனைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பான். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்தைச் செருப்பிலும் தண்ணீர்ப் போத்தலிலும் கண்டுபிடித்து, அவர்கள் கோயிலிலிருந்து திரும்பும்போது மட்டும் போவான். போகும்போது யார் மனசும் அவசரத்தில் இருக்கும், வரும்போது இளகியிருக்கும். கொண்டக்டர் விசில் ஊதினால் கடைசி ஆளிடம் விலை பேச மாட்டான், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவான். மிச்சக் காசை எண்ணிப் பார்க்க அவனுக்கு ஒரு கணம் போதும்.

இந்தக் கணக்குத் திறமையைப் பற்றி ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கைத் தாளில் எழுதிப் பள்ளிக்கூடப் பாணியில் கேட்டபோது 37 சதவீதம்தான் சரி. 1985இல் வெளியான முடிவு இது. தேங்காய் ஒன்று 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு, ஒரு பையன் பக்கத்தில் பூச்சியம் போடவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, ஒன்று சேர்த்தால் 350 என்று கட்டுக் கட்டாகக் கூட்டினான். கச்சான் விற்கும் எங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் கூட்டுவார்கள். சரை 80 ரூபாய் என்றால் ஏழு சரைக்கு “அஞ்சு நானூறு, ரெண்டு நூற்றறுபது, ஐந்நூற்றறுபது தாங்கோ ஐயா” என்பார்கள். இதே பிள்ளை வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து, கணக்குப் பாடத்தில் முட்டை வாங்கியிருக்கும். அந்தப் பிள்ளையை மக்கு என்று சொல்லும் ஆசிரியர் ஒரு நாள் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கிப் பார்க்க வேண்டும்.

முகம் பார்க்கும் திறமைக்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் சேத் பொலாக் மங்கலான முகப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினார். வீட்டில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாகவே கோபத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குக் கோபம் என்றால் அடுத்தது அடி. தேத்தண்ணிக் கடை முதலாளி காலையில் சைக்கிளை நிறுத்துகிற சத்தத்திலேயே இன்று கேட்கலாமா கேட்கக் கூடாதா என்று தெரிந்துகொள்கிற பெடியனும் அப்படித்தான் பழகியிருக்கிறான். போர்க் காலத்துப் பிள்ளைகள் காதால் இதைச் செய்தார்கள். எறிகணை புறப்படும் சத்தம், விழும் சத்தம், கிபிர் போர் விமானத்தின் இரைச்சல், வண்டு என்று சனம் சொன்ன உளவு விமானத்தின் ரீங்காரம் எல்லாவற்றையும் பிரித்தறிந்து, எப்போது பங்கருக்குள் போவது, எப்போது தண்ணி அள்ளப் போகலாம் என்று முடிவு எடுத்தார்கள்.

பசிக்கு அவர்களிடம் ஒரு பஞ்சாங்கம் உண்டு. தை, மாசியில் காலபோகம் என்கிற பெரும்போக நெல் அறுவடை. வெட்டி முடிந்த வயலில் கதிர் பொறுக்கலாம், மூட்டை தூக்க உதவினால் சாப்பாடும் காசும் கிடைக்கும், பனங்கிழங்கும் அந்தக் காலத்தில்தான். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். அன்று தண்ணீர்ப் பந்தலிலும் அன்னதானத்திலும் வேலை செய்யக் கை தேவை, வேலை செய்கிற கையை யாரும் யார் பிள்ளை என்று கேட்பதில்லை. அந்தக் காலத்தில் காட்டுக்குள் பாலைப்பழம் பழுக்கும், போத்தலிலோ பையிலோ போட்டு வீதியோரம் விற்கலாம். ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழா, அதோடு பனம்பழம். வீரை, உலுவிந்தை, முரலி என்று காட்டுப் பழங்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்து உதவும். ஆனால் ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் எல்லாம் சுருங்கிவிடும். வீதியில் ஆள் இறங்காது, வயலில் பொறுக்கக் கதிர் இருக்காது, விறாந்தை நனையும், பாம்பு வீட்டுக்குள் வரும். குளங்கள் நிரம்பி வான் பாய்கிற நாட்களில் மீன் பிடிக்கலாம், அதுவும் வெள்ளத்தோடு விளையாட்டு. இல்லங்களும் தொண்டு நிறுவனங்களும் இந்தப் பிள்ளைகளுக்கு உதவி செய்ய நினைத்தால் கார்த்திகை, மார்கழியைக் கவனிக்க வேண்டும். திருவிழாக் காலத்தில் கொடுக்கிற சாப்பாட்டுப் பொதியைவிட மாரி காலத்துக் கஞ்சி பெறுமதியானது.

பொய்க்கு வருவோம். “உன்ர அம்மா எங்க?” என்ற கேள்விக்கு இந்தப் பிள்ளைகளிடம் பல பதில்கள் இருக்கும். ஐயரிடம் ஒன்று, பாதரிடம் ஒன்று, ஆமிக்காரரிடம் ஒன்று, கோப்போடு வந்து நிற்கிற நிறுவன உத்தியோகத்தரிடம் இன்னொன்று. கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று பிள்ளை முதலில் யோசிக்கும். போர் முடிந்த பிறகு வன்னியில் விபரம் எடுத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. தாய் எப்படிச் செத்தா என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அப்படி ஒவ்வொருவருக்கும் உண்மையைத் திறந்து காட்டுவதற்குப் பிள்ளையின் மனம் என்ன சந்தைக் கடையா? சொந்தக் கதையை மூடி வைத்துக்கொண்டு, வந்தவருக்குத் தேவையான கதையைக் கொடுத்து அனுப்புவது ஒரு தற்காப்பு. அதைப் பொய் என்று அடித்துத் திருத்தப் போனால் பிள்ளை இன்னும் நல்ல பொய் சொல்லப் பழகும்.

அவசரக் குணமும் இதே வகைதான். கையில் கிடைத்ததை அன்றே சாப்பிட்டு, அன்றே செலவழித்துவிடுகிறார்கள், நாளைக்கு என்று வைக்கத் தெரியாது என்பது எல்லோரும் சொல்லும் குறை. அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 28 சின்னப் பிள்ளைகளோடு ஒரு பரிசோதனை செய்தார்கள், முடிவு 2013இல் வெளியானது. பாதிப் பேருக்கு, படம் வரைய நல்ல சாமான் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்றப் பாதிக்கு, சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குப் பிறகு, இந்த இனிப்பைச் சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன் என்றார்கள். சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். இரண்டே இரண்டு ஏமாற்றம், அதுவும் வரைகிற பென்சில், ஸ்டிக்கர் விசயத்தில். “அப்பா இப்ப வந்திடுவார், இதிலேயே இரு” என்று சொல்லி விட்டுப்போன இடத்தில் இருட்டும் வரை இருந்த பிள்ளை எத்தனை நிமிடம் பொறுக்கும்?

ஆனால் இதே பிள்ளைகள் சேமிக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்பும் செய்தி. எப்படி என்று பாருங்கள். பஸ் நிலையத்தில் வேலை செய்யும் பெடியன் ஒருவன் தேத்தண்ணிக் கடை அண்ணையிடம் 50 ரூபாயைக் கொடுத்து “வைச்சிருங்கோ” என்பான். அடுத்த நாள் தேவையே இல்லாமல் “அண்ணை, அந்தக் காசைத் தாங்கோ” என்று கேட்பான். முகம் கோணாமல் கொடுத்தால் இரண்டு நாள் கழித்து 100 வரும். அதையும் திருப்பிக் கேட்டுப் பார்ப்பான். “எப்ப தந்தனி?” என்று அண்ணை பகிடிக்குக் கேட்டால்கூடக் கணக்கு அங்கேயே முடிந்தது, அதற்குப் பிறகு அந்தக் கடையில் பணிஸ் மட்டும்தான் வாங்குவான். மூன்று நாலு தடவை தேறினால் ஆயிரக்கணக்கில் அந்த அண்ணையிடம் காசு சேரும். வங்கியில் கணக்குத் திறக்க இவனுக்காகக் கையெழுத்துப் போட பெற்றோரோ பாதுகாவலரோ இல்லை. எனவே தன் வங்கியைத் தானே சோதித்துத் தேர்ந்தெடுக்கிறான். பொறுமை இல்லாத பிள்ளை செய்யக்கூடிய வேலையா இது?

சொந்தக்காரர் வீட்டில் இருக்கிற பிள்ளையின் கெட்டித்தனம் வேறு மாதிரி. விடிய எல்லோருக்கும் முன் எழும்பித் தண்ணி அள்ளி வைக்கும், மாட்டை அவிழ்த்துக் கட்டும், சின்னம்மாவின் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும். சாப்பாட்டுக்குக் கடைசியாக வரும், இரண்டாம் தரம் கேட்காது. ஊர் இதை நல்ல குணம் என்கிறது. எனக்கு இதைக் காணும்போது மனம் கலங்குகிறது. தான் பாரமாகத் தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எட்டு வயதில் வந்திருக்கிறது, அதற்கு வாடகை கட்டுவதுபோல உழைக்கிறது. பெண் பிள்ளைகள் தெருவில் அதிகம் தென்படாததன் காரணமும் இதுதான். அவர்களின் தெரு அடுத்தவர் வீட்டுக் குசினி. வெளியே போக நேர்ந்தால் பஸ்ஸில் வயதான அம்மா ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்காருவது, கடைக்குப் போகும் வழியில் தெரிந்த அக்கா ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வது, எந்த மாமாவின் வீட்டில் மாமி இல்லாதபோது நிற்கக் கூடாது என்று அறிந்து வைத்திருப்பது என்று அவர்களின் அறிவு முழுக்க ஆபத்தைத் தள்ளி வைப்பதில் செலவாகிறது. ஆண் பிள்ளையின் சாமர்த்தியம் கண்ணுக்குத் தெரிந்து பாராட்டு வாங்கும். இது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு திறமையை மட்டும் நான் எந்தக் காரணம் கொண்டும் மெச்ச மாட்டேன். மீள்குடியேறிய காலத்தில் பழைய இரும்பு பொறுக்கி விற்பது வன்னியில் பல வீடுகளுக்கு அடுப்பெரித்தது. இரும்பைவிட அலுமினியத்துக்கு விலை, அதைவிடப் பித்தளைக்கு விலை. எந்தக் கோது வெடித்து முடிந்த வெறும் கோது, எது வெடிக்காத எறிகணை என்று தனக்குத் தெரியும் என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டி யாரும் போகாத காணியில்தான் இரும்பு அதிகம் கிடக்கும் என்றும் அதற்குத் தெரியும். அறிவு முழுவதும் சரியாக இருந்தும் ஒரு தடவை பிசகினால் கை போகும், கண் போகும். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. முகமாலைப் பக்கம் ஆண்டுக்கணக்காகக் கிண்டிக் கிண்டி எடுத்தார்கள். பிள்ளையிடமிருந்து இரும்பு வாங்குகிற கடைக்காரர்தான் இதில் முதல் பொறுப்பாளி. அவர் வாங்காவிட்டால் பிள்ளை அந்தக் காணிக்குள் இறங்காது.

இப்படிப் பழகிய மனம் ஆபத்து நீங்கிய பிறகும் ஓய்வதில்லை. இல்லத்தில் மூன்று நேரமும் சோறு கிடைத்தாலும் தலையணைக்குக் கீழே பாண் துண்டு இருக்கும். அன்பாகப் பேசுகிற விடுதி அம்மாவைத்தான் அதிகமாகச் சோதிக்கும், கோபப்படுத்திப் பார்க்கும், இவ எப்போது கை விடுவா என்று தெரிந்துகொள்ள. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னிச் சனத்தைப் பற்றி எழுதும்போது, காயம் தனி மனிதரோடு நிற்கவில்லை, குடும்பமும் ஊரும் ஒருவரில் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையே உடைந்தது என்று காட்டினார். அப்படியானால் ஒரு பிள்ளையைத் தனியே கூப்பிட்டு ஆலோசனை சொல்வதால் மட்டும் இது ஆறாது. பிள்ளைக்கு அருகே சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர்கள் வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எமி வேர்ணரும், வறுமையும் குடும்பச் சிக்கலும் நிறைந்த சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடி தலையெடுத்ததைக் கண்டார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பாட்டியோ, ஆசிரியரோ, அயலவரோ என்று கைவிடாத ஒரு பெரியவராவது இருந்தார். வன்னியில் அந்த ஆள் பெரும்பாலும் அம்மம்மா. அல்லது அந்தத் தேத்தண்ணிக் கடை அண்ணை.

சட்டம் தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. 2016 முதல் 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். 2021இல் வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதும் 16 ஆனது. சிறுவர் விடயங்களுக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு யாரும் அழைத்து முறையிடலாம். ஆனால் இந்தப் பிள்ளையின் கெட்டித்தனம் தோற்றுப்போகும் இடம் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் படிதான். இடப்பெயர்வில் பிறந்ததால் பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை, இருந்ததும் ஓடிய வழியில் போய்விட்டது. சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி உண்டு. அதற்கு கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகம் என்று படி ஏறி இறங்க வேண்டும், கூடவே ஒரு பெரியவர் வர வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கூட வர யார் இருக்கிறார்கள்? ஆதரவற்ற பிள்ளைகளைக் கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர்கள் வருவார்கள், ஆனால் ஒருவருக்கு ஒரு பிரதேசமே பொறுப்பாக இருக்கும்.

இல்லத்தில் சேர்க்கப்படும் பிள்ளைக்கு இந்தத் தாள்கள் ஒருவாறு கிடைத்துவிடும். கிளிநொச்சி ஜெயந்திநகர் மகாதேவா ஆச்சிரமம் போன்ற இல்லங்கள் எத்தனையோ பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியிருக்கின்றன. சிக்கல் 18 வயதில் தொடங்குகிறது. பராமரிப்புக் காலம் முடிந்து, ஒரு பையோடு வெளியே வருகிற இளைஞனுக்கு வாடகை அறை எடுக்கப் பிணை வேண்டும், வேலைக்கு அறிமுகம் வேண்டும், கல்யாணம் பேச வீட்டு ஆள் வேண்டும். மணியடித்தால் சாப்பாடு என்ற ஒழுங்கில் பத்து வருடம் வாழ்ந்தவன், சிறு வயதில் தெரிந்து வைத்திருந்த விலை பேசலையும் ஆள் பிடித்தலையும் பாதி மறந்திருப்பான். சந்தைக்குச் சாமான் வாங்கப் போவதையும், கடையில் மாலை நேர வேலை பார்ப்பதையும், தன் காசைத் தானே கையாள்வதையும் இல்லங்கள் 15 வயதிலேயே அனுமதிக்க வேண்டும். கேட்டால் ஒழுங்கு கெட்டுவிடும் என்கிறார்கள். பழைய தேத்தண்ணிக் கடை அண்ணையைப் பார்க்கப் போகக் கூடாது, அது தெருப் பழக்கம் என்று தடுக்கிற இல்லங்களும் உண்டு. அந்தப் பிள்ளை நாலு தடவை சோதித்துத் தேர்ந்தெடுத்த ஒரே மனிதர் அவர். 18 வயதில் அறைக்குப் பிணை நிற்கக் கேட்டால் வரக்கூடியவரும் அவராகத்தான் இருக்கும். அவர் பெயரை இல்லம் பிள்ளையின் கோப்பில் எழுதி, மாதம் ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லலாம்.